மோட்டாரும் மனமாற்றமும்

முதலியார்பேட்டையில் நாற்சமன் வாழ்வியல் மன்றத்தின் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் காணாமல் போனபோது, அங்கே குடியிருந்த பன்னிரண்டு குடும்பங்களும் ஒன்றைத்தான் எதிர்பார்த்தன. மன்றம் வேறு மோட்டார் வாங்கி மாட்டும் என்று. மன்றத்தோடு இத்தனை வருஷம் பழகிய பிறகும் அப்படி எதிர்பார்த்தார்கள் என்பதிலிருந்தே அவர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

மன்றத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மனித வாழ்க்கைக்கு நான்கு கால்கள் என்பது அதன் கொள்கை. தனி, பொது, பொருள், அருள். தனி மனிதன் வளர வேண்டும், கூடவே கூட்டமும் வளர வேண்டும். வசதி பெருக வேண்டும், கூடவே உள்ளமும் மலர வேண்டும். நான்கும் ஒரே அளவில் வளராவிட்டால் நாற்காலி ஆடும். காதால் கேட்கிற வரைக்கும் குறை சொல்ல முடியாத கொள்கை. அதனால்தான் பிரான்சிலிருந்து சில நல்ல மனிதர்கள் பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில், மில் மூடியதும் போக்கிடம் இல்லாமல் நின்ற தொழிலாளர்களுக்கு ஒரு வரிசை வீடு கட்டிக் கொடுக்கப்பட்டது. வாடகை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு மட்டும் வரவேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். அந்த அவ்வளவுதான் எவ்வளவு என்பது குடிவந்த பிறகுதான் தெரிந்தது.

ஒருமுறை சந்துக்கு விளக்கு வேண்டுமென்று கேட்டார்கள். பொருள் கால் ஒரு விரற்கடை உயரப்போகிறது, அருள் காலும் அதே அளவு உயரட்டும் என்று சொல்லி, எல்லோரையும் ஒரு மாதம் இருட்டில் உட்காரவைத்து உள்விளக்கைத் தேடச் சொன்னது மன்றம். தேடினார்கள். கொசுதான் கிடைத்தது. ஆனால் மாதம் முடிந்ததும் விளக்கு வந்துவிட்டது. கொள்கை வேலை செய்கிறது என்பதற்கு மன்றம் இன்றைக்கும் அந்த விளக்கைத்தான் காட்டுகிறது.

மோட்டார் போன கதைக்கு வருவோம். போர்வெல் போட்ட இடத்தில் சின்னதாக ஒரு ஷெட். அதற்குள் மோட்டார். ஒரு நாள் காலையில் பார்த்தால் குழாய் மட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றது. முந்தின நாள் பகலில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஷெட்டுக்குப் பூட்டு கிடையாது. பூட்டு என்பது பொதுவாழ்வின் மீது நம்பிக்கையின்மை என்று மன்றம் ஏற்கெனவே அதைக் கழற்றி எடுத்துப் போயிருந்தது.

இந்தக் கதையில் கஷ்டப்படப் போகிறவர் பெயர் தெய்வசிகாமணி. மில்லில் இருபது வருஷம் நூல் ஓட்டியவர். இப்போது பெரிய மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் எடை போடுகிறார். அவருக்குச் சொத்து என்று எதுவும் இல்லை. நல்ல பெயர் ஒன்று இருந்தது. மண்டிக்காரர் கல்லாவைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார் என்றால் அது தெய்வசிகாமணி இருக்கிற தைரியத்தில்தான். அந்தச் சமயம் அவருடைய மகள் பூர்ணிமா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம். வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஞாயிறு வந்தது. கூட்டம் கூடியது. நெறியாளர் அன்பழகன் மேடையில் அமர்ந்தார். அரசாங்கப் புள்ளிவிவர இலாகாவில் ஓய்வு பெற்று, மகனோடு பிரான்சில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஒரு விஷயத்தை நிரூபித்துவிட்டதாக நினைக்கும்போதெல்லாம் பிரெஞ்சில் 'வொலா', அதாவது 'இதோ பாருங்கள்', என்பார். அவர் நிரூபிக்காத விஷயம் குறைவு.

"மோட்டார் போனது வெளிக்காரியம்" என்று ஆரம்பித்தார். "எடுத்தவர் மனம் கெட்டது உள்காரியம். உள்காரியம் அப்படியே இருக்க, வெளிக்காரியத்தை மட்டும் சரிசெய்தால் என்ன ஆகும்? பொருள் கால் நீளும். நாற்காலி ஆடும். ஆகவே எடுத்தவர் எவரோ, அவர் மனம் மாறி இந்த மன்றத்தில் எழுந்து நின்று சொல்லட்டும். மறுநிமிடமே மோட்டார் பற்றிப் பேசலாம். வொலா!"

தெய்வசிகாமணி கையைத் தூக்கினார். "ஐயா, வெளியாளு யாராச்சும் வந்து தூக்கினு போயிருந்தா?"

"நல்ல கேள்வி" என்றார் நெறியாளர். "வெளியாள் எடுத்திருந்தால் அது போலீஸ் விஷயம். நம்மவர் எடுத்திருந்தால்தான் அது ஆன்மிக விஷயம். இந்த மன்றம் போலீஸ் காரியத்துக்காகவா ஏற்பட்டது? இல்லை. ஆன்மிகத்துக்காக ஏற்பட்டது. ஆகவே நம்மவர்தான் எடுத்திருக்க வேண்டும்."

வீட்டுக்குக் கொஞ்சம் போட்டு நாங்களே ஒன்று வாங்கிக்கொள்கிறோம் என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். சொந்தக் காசில் வாங்கினால் தனி கால் நீண்டுவிடும் என்று அவரை உட்காரவைத்தார்கள்.

அப்போது மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த செயலாளர் ராஜவேல் துள்ளி எழுந்தார். மன்றத்தில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் இவர்தான். குழாய் ஒழுகினாலும் பல்பு போனாலும் கூப்பிடுவதற்கு முன்னால் வந்து நிற்பார். இந்தச் சுறுசுறுப்பு நெறியாளருக்கு உறுத்தியது. உங்களுக்குப் பொருள் கால் ரொம்ப நீண்டுவிட்டது என்று சொல்லி, ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், மௌன விரதம் விதித்திருந்தார். மோட்டார் காணாமல் போன அன்று காலைதான் விரதம் தொடங்கியது. பேசக் கூடாது, எழுதக் கூடாது, தலையாட்டக்கூடக் கூடாது. தலையாட்டுவதும் ஒருவகைப் பேச்சு. நடுவில் கலைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கையை மட்டும் யாரும் தடை செய்யவில்லை, மறந்துவிட்டார்கள்.

ராஜவேல் வாசல் பக்கம் கையை நீட்டினார். பிறகு இடது கையில் எதையோ பிடித்துக்கொண்டு, வலது கையால் அதைச் சுற்றிச் சுற்றி ஏதோ சுற்றுவது மாதிரி காட்டினார். சபை முழிப்பதைப் பார்த்து இன்னும் வேகமாகச் சுற்றினார். கடைசியில் நெற்றியில் படார் படார் என்று அடித்துக்கொண்டார்.

நெறியாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தீர்களா! செய்த வினை சுற்றிச் சுற்றி நம்மிடமே வரும் என்கிறார். நான் ஒரு மணி நேரம் பேசியதை மௌனம் ஒரு நொடியில் சொல்லிவிட்டது."

அன்றிலிருந்து அதற்குச் சுழல் முத்திரை என்று பெயர். கூட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் எல்லோரும் இடது கையைப் பிடித்து வலது கையால் சுற்றி, கடைசியில் நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும். முதல் முறை எல்லோரும் சேர்ந்து அதைச் செய்தபோது ராஜவேல் உண்மையாகவே அழுதார். குருவுக்கு வரும் ஆனந்தக் கண்ணீர் என்று அதையும் குறித்துக்கொண்டார்கள்.

இதற்கப்புறம் குடியிருப்பில் யாரும் யாரையும் பழையபடி பார்க்கவில்லை. எவன் மச்சான் ஊரில் புதிதாகக் கிணற்றுக்கு மோட்டார் போட்டான், எவன் வீட்டு வாசல் ஈரமாக இருக்கிறது, எவள் தலைக்குக் குளித்திருக்கிறாள் என்றெல்லாம் கண்கள் அலைந்தன. மன்றம் இதைக் கண்டிக்கவில்லை, ஒழுங்குபடுத்தியது. அன்புக் கண்காணிப்பு என்று ஒன்றை ஏற்படுத்தி, ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டைப் பாசத்தோடு கவனித்து ஞாயிறுதோறும் சொல்ல வேண்டும் என்றது. தெய்வசிகாமணி வீட்டைக் கவனிக்கும் பொறுப்பு பக்கத்து வீட்டு அஞ்சலாட்சிக்கு வந்தது. மில்லில் அவளும் வேலை பார்த்தவள். எத்தனையோ வருஷமாக அண்ணே அண்ணே என்று பழகியவள்.

"அண்ணே, நேத்து நீங்க ரெண்டு தபா குளிச்ச மாதிரி தெரிஞ்சுதே" என்றாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

"ஒரு தபாதான். சாயங்காலம் கால் கழுவினேன்."

"எந்தத் தண்ணி?"

"உங்க அண்ணி தூக்கியாந்த தண்ணி. ஏன் அஞ்சலாட்சி?"

"சும்மா கேட்டேன். அன்பா கேக்கச் சொல்லியிருக்காங்க."

அண்ணி தூக்கியாந்த தண்ணி என்பது உண்மைதான். தெய்வசிகாமணியின் மனைவி செல்வாம்பாளுக்கு முட்டி தேய்ந்துபோயிருந்தது. கனம் தூக்காதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் விடியற்காலையில் எழுந்து பக்கத்துத் தெரு முனைக் குழாயில் வரிசையில் நின்று, இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாகக் கொண்டுவந்து கொட்டினாள். ராத்திரியில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருப்பாள். அதற்கு மன்றத்தில் மதிப்பெண் கிடையாது.

இப்படியே ஒரு மாதம் போனது. பூர்ணிமாவின் மாமியார் மணியம்மாள் உழவர்கரையிலிருந்து மருமகளைப் பார்க்க வந்தார். காய்ந்துகிடந்த தொட்டியைப் பார்த்தார். செல்வாம்பாளின் வீங்கிய காலைப் பார்த்தார்.

"கோச்சிக்காதீங்க சம்மந்தி. புள்ள பொறக்கிற ஊடு. தண்ணி இல்லாம எப்படி? அடுத்த வாரத்துக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா எங்க ஊட்டுக்கே கூட்டினு போயிடுறேன். எங்களுக்கு ஒண்ணும் பாரம் இல்ல."

தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணைத் தண்ணீர் இல்லை என்று திருப்பி அழைத்துப் போனால் அதைவிட அவமானம் ஒன்று உண்டா? தெய்வசிகாமணி அன்றைக்கு மண்டியில் எடைக்கல்லைத் தப்பாக வைத்தார். அவருடைய வாழ்நாளில் முதல் முறை.

சனிக்கிழமை பகலில் குடியிருப்புக்காரர்கள் காலித் தொட்டியின் நிழலில் கூடினார்கள். மன்றத்துக்குத் தெரியாமல் அவர்கள் கூடிய ஒரே கூட்டம் அதுதான். முத்திரை காட்டாமலே தொடங்கினார்கள்.

"யாராச்சும் ஒருத்தர் ஒத்துக்கினா மோட்டார் வந்துடும்" என்றாள் அஞ்சலாட்சி. "எடுத்தாங்களோ இல்லியோ, அத வுடுங்க. எழுந்து நின்னு சொல்லிட்டா முடிஞ்சுது."

"யார் சொல்றது?"

எல்லோரும் தெய்வசிகாமணியைப் பார்த்தார்கள்.

"நானா? நான் இன்னா பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல அண்ணே, அதுக்குத்தான். ஏற்கெனவே கெட்ட பேரு எடுத்தவன் சொன்னா அதுல இன்னா மாற்றம் இருக்குது? ஐயா நம்பமாட்டாரு. உங்களுக்குத்தான் பேரு இருக்குது. கொஞ்சம் போனாலும் மிச்சம் நிக்கும்."

"நாங்க எல்லாம் இருக்கோம்ல? நீங்க எடுக்கலன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றார்கள் மற்றவர்கள். அதை அவர்கள் மனதாரத்தான் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தால் பூர்ணிமா பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "நான் அங்கயே போறேம்ப்பா. அம்மா கால பாத்தியா? எனக்காகத்தான் ரெண்டு குடம் அதிகமா தூக்குது."

"துணிய வெளிய எடுத்து வை" என்றார் தெய்வசிகாமணி.

மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்றார். "ஐயா, மோட்டார நான்தான் எடுத்தேங்க."

ராஜவேல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து இரண்டு கைகளையும் இல்லை இல்லை என்று வீசினார். "பழையது போகட்டும், போகட்டும் என்கிறார் செயலாளர்" என்று விளக்கினார் நெறியாளர். பிறகு தெய்வசிகாமணியின் பக்கம் திரும்பினார். "எப்படி எடுத்தீர்கள்?"

"கையாலதாங்க."

"எடுக்கும்போது எப்படி இருந்தது?"

தெய்வசிகாமணி யோசித்தார். மோட்டார் எப்படி இருக்கும்? "கனமா இருந்துச்சுங்க."

"கனம்!" நெறியாளர் கண்ணை மூடிக்கொண்டார். "கேளுங்கள். இரும்பின் கனத்தையா சொல்கிறார்? எத்தனையோ வருஷம் நான் பேசிப் பேசித் தேடிய சொல்லை இந்த எளிய மனிதர் சொல்லிவிட்டார். இத்தனை காலம் ஒரு தப்பும் செய்யாமல் இருந்த இவர் நமக்கு என்ன கொடுத்தார்? ஒன்றுமில்லை. திருடினார், மன்றம் மலர்ந்தது. வொலா!"

மாலை போட்டார்கள். முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். நல்லவராக இருந்த காலத்தில் அவர் தூணுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

"மோட்டாரு, ஐயா?" என்று கேட்டார் மாலையோடு.

"அவசரப்படக் கூடாது. இப்போது என்ன நடந்திருக்கிறது? உங்கள் தனி கால் உயர்ந்துவிட்டது. பொது கால் அப்படியே நிற்கிறது. மற்ற பதினோரு குடும்பமும் உங்கள் உயரத்துக்கு வரவேண்டாமா?"

வந்தார்கள். அதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை, புதன்கிழமையே தனிக்கூட்டம் வைத்தார்கள். தண்ணீர் வேண்டும் என்பது ஒரு பக்கம் இருக்க, முன்வரிசையும் மாலையும் சிலருக்கு உறுத்தியிருந்தது. மோட்டாரை இடுப்பில் குடம் மாதிரி வைத்துத் தூக்கிப் போனதாக அஞ்சலாட்சி சொன்னாள். இல்லை, நான்தான் சைக்கிளில் கட்டினேன் என்றார் இன்னொருவர். நான் திருப்புளி பிடித்தேன், நான் யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன், நான் ஸ்விட்சை மட்டும் எடுத்தேன் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஸ்விட்ச் சுவரிலேயே இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரே மோட்டார், பன்னிரண்டு திருடர்கள் என்றானது.

நெறியாளர் பூரித்துப்போனார். "ஒருவர் எடுத்தால் திருட்டு. எல்லோரும் எடுத்தால் கூட்டுவாழ்வு. நாம் தேடிய பொதுமை இதோ!"

"அப்போ மோட்டாரு?" என்று இந்த முறை பன்னிரண்டு வீடும் சேர்ந்து கேட்டது.

"மோட்டாரை எடுத்தவர்கள் எல்லோரும் இங்கேயே இருக்கும்போது மன்றம் எதற்குப் புதிது வாங்க வேண்டும்? எடுத்ததை எடுத்தவர்களே கொண்டுவந்து வைப்பதுதான் முழுமையான மாற்றம். வருகிற ஞாயிறு பிரான்சிலிருந்து நம் அன்பர்கள் வருகிறார்கள். அதற்குள் வைத்துவிடுங்கள். வொலா."

எல்லோரும் வெளியே வந்தார்கள். தான் சொன்னது பொய் என்பது ஒவ்வொருவருக்கும் நிச்சயமாகத் தெரியும். மற்ற பதினோரு பேர் சொன்னதும் பொய்தானா என்பதுதான் தெரியவில்லை. பன்னிரண்டில் ஒன்றாவது நிஜமாக இருந்தால்? அப்படி இருந்தால் அது யார்? யோசித்துக்கொண்டே நடந்தவர்களின் கண்கள், முதலில் எழுந்து நின்ற மனிதரின் முதுகில் போய் நின்றன. தெய்வசிகாமணி அதைக் கவனிக்கவில்லை. அவர் தண்ணீரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மண்டியிலிருந்து திரும்பும்போது செம்மல் கூப்பிட்டார். செம்மல் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். இப்போது எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார்.

"இன்னாய்யா சிகாமணி, உங்க மன்றத்துல ஆளே இல்லியா? மோட்டாருக்குக் காயில் கட்டி வெச்சி எத்தினி நாளாவுது. வந்து எடுத்துகினு போங்கய்யா. எடத்த அடச்சிகினு கெடக்குது."

தெய்வசிகாமணி கடைக்குள் எட்டிப் பார்த்தார். பச்சைப் பெயின்ட் அடித்து, மன்றத்தின் சின்னமான நான்கு கால் நாற்காலி வரைந்த மோட்டார் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது.

"இது எப்பிடி இங்க வந்துச்சு?"

"உங்க செயலாளரு ராஜவேலுதான் ஆட்டோல போட்டுக் கொண்டாந்தாரு. பொக வருது, காயில் போச்சின்னாரு. நாளைலேர்ந்து நான் பேசமாட்டேன், போனும் எடுக்கமாட்டேன், யாரையாச்சும் அனுப்புறேன்னாரு. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் வரல."

இடது கையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சுற்றிச் சுற்றி. கம்பி சுற்றுகிற மாதிரி. தெய்வசிகாமணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. கடை ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். சிரித்து முடித்ததும் பயங்கரமாகக் கோபம் வந்தது. செல்வாம்பாளின் முட்டி ஞாபகத்துக்கு வந்தது.

செம்மலே கூட வந்தார். ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து, மாலை வெயில் சாய்வதற்குள் மாட்டி ஸ்விட்சைப் போட்டார்கள். குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது. குடியிருப்பே குடத்தோடு ஓடிவந்தது. பூர்ணிமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று சிரித்தாள். தெய்வசிகாமணிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. நடந்ததை எல்லோருக்கும் சத்தம்போட்டுச் சொன்னார். யாரும் திருடவேயில்லை, ரிப்பேருக்குப் போயிருந்தது, அவ்வளவுதான் என்றார்.

"ஓ" என்றாள் அஞ்சலாட்சி. குடத்தை நிரப்பிக்கொண்டே செம்மலை ஏற இறங்கப் பார்த்தாள். "இவரு மில்லுல உங்க கூட இருந்தவருதானே?"

"ஆமா, செம்மலு. உனக்குந்தான் தெரியுமே."

"தெரியும் தெரியும். ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே டீ குடிக்கப் போவீங்க." அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். மற்றவர்கள் செம்மலையும் தெய்வசிகாமணியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தண்ணீரை மட்டும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிரான்ஸ் விருந்தினர்கள் முன்வரிசையில் கேமராவோடு உட்கார்ந்திருந்தார்கள். ஷெட் சுவரில் திரை போட்டு ஒரு கல்வெட்டு தயாராக இருந்தது. நெறியாளர் முழு வரலாற்றையும் பிரெஞ்சிலும் தமிழிலும் சொன்னார். மாட்டியவர் பெயர் வந்ததும் தெய்வசிகாமணி எழுந்தார்.

"ஐயா, அது திருட்டே இல்லீங்க. ராஜவேலு சாரு ரிப்பேருக்குக் குடுத்தாருங்க. கடைக்காரரையே கூட்டியாந்திருக்கேன், கேளுங்க."

நெறியாளர் புன்னகை செய்தார். கோபமே இல்லை. "இதை எதிர்பார்த்தேன். ஒப்புக்கொண்டவன் பொருளைத் திருப்பி வைத்ததும் மறுக்கத் தொடங்குவான். அகந்தையின் கடைசி மூச்சு. கடைக்காரர் சாட்சி என்கிறார். வெளிச் சாட்சியை ஏற்றால் உள் சாட்சி எதற்கு? திருடவில்லை என்று ஒருவர் நிரூபித்துவிட்டால் அவர் எதிலிருந்து மாறினார்? மாறவில்லை என்றால் மோட்டார் எப்படி வந்தது? வந்திருக்கிறதே! வொலா."

"அதோ ராஜவேலு சாரு இருக்காரு. அவர கேளுங்க" என்றார் தெய்வசிகாமணி.

அன்று காலையோடு ஒரு மண்டலம் முடிந்திருந்தது. இதை மறந்திருந்த சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. ராஜவேல் எழுந்தார். இத்தனை நாள் பேசத் துடித்த மனிதர். தெய்வசிகாமணியைப் பார்த்தார், செம்மலைப் பார்த்தார், வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கேமரா அவர் பக்கம் திரும்பியது. விருந்தினர்கள் எல்லோரும் இடது கையைப் பிடித்து வலது கையால் பயபக்தியோடு சுற்றிக்கொண்டிருந்தார்கள், அவர் கண்டுபிடித்த முத்திரையை. திரைக்குப் பின்னால் கல்வெட்டு. அதில் நெறியாளர் பெயருக்குக் கீழே அவருடைய பெயரும் இருந்தது.

ராஜவேல் வாயை மூடினார். இரண்டு கைகளையும் குவித்து, பிறகு ஒரு விரலை உதட்டில் வைத்துக்கொண்டார்.

"செயலாளர் இன்னொரு மண்டலம் ஏற்கிறார்!" என்று நெறியாளர் முழங்க, கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. திரை விலகியது. அஞ்சலாட்சியும் கைதட்டினாள்.

சாயங்காலம் மணியம்மாள் வந்தார். தொட்டி நிறையத் தண்ணீரைப் பார்த்துத் திருப்திப்பட்டார். பூர்ணிமா இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். குழந்தைக்குப் பால் புகட்ட அவர் முன்பு கொண்டுவந்து அலமாரியில் வைத்திருந்த வெள்ளிச் சங்கை மட்டும் எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "பொறந்ததும் கொண்டாரேன் சம்மந்தி. இங்க எதுக்கு?" என்றார், தெய்வசிகாமணியின் முகத்தைப் பார்க்காமல்.

அவர் போன பிறகு தெய்வசிகாமணி குழாயடியில் வந்து உட்கார்ந்தார். செல்வாம்பாள் குடத்தை வைத்துக் குழாயைத் திறந்தாள். குடம் பாதி நிறைந்ததும் அக்கம்பக்கம் பார்த்தாள்.

"ஏங்க. இங்க யாரும் இல்ல. எங்கிட்டயாச்சும் சொல்லுங்க."

"இன்னா சொல்றது?"

"எங்க வெச்சிருந்தீங்க?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள். செம்மல் கடையை, ராஜவேலை, கம்பி சுற்றுகிற கையை எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "அது ஊருக்குச் சொல்றது. நான் கேக்கறேன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

அவள் அழுவதை அவரால் பார்க்க முடியவில்லை.

"மண்டியில" என்றார். "வெங்காய மூட்டைக்குப் பின்னால."

செல்வாம்பாள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகம் தெளிந்துவிட்டது. புருஷன் கடைசியில் தன்னிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டார் என்ற நிறைவு அதில் இருந்தது. நிறைந்த குடத்தைத் தூக்கக் குனிந்தவள், முட்டி வலித்ததும் அப்படியே நின்றாள்.

"அப்பவே சொல்லியிருந்தா நான் இவ்ளோ தண்ணி தூக்கியிருக்க மாட்டேனேங்க" என்றாள்.